அம்மோனியாவிலிருந்து ஹைட்ரஜனை மீட்கும் உலோகம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்த நாள் முதல், எங்கள் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் அதற்கான மையங்களுள் ஒன்று என்பதால், இது குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு குறையைச் சொல்ல விரும்புகிறேன். நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுப்பதைப் பற்றி விரிவாக எழுதப்படுகிறது. எடுத்ததை ஒரு சேர்மத்தில் ஏற்றிக் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் திரும்பப் பிரித்தெடுப்பதைப் பற்றி அநேகமாக எதுவுமே எழுதப்படுவதில்லை.

ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மமான அம்மோனியாவுக்கு மைனஸ் 33 டிகிரி போதும். அது மட்டுமன்று, ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனில் இருப்பது சுமார் 71 கிராம் ஹைட்ரஜன்தான், ஒரு லிட்டர் திரவ அம்மோனியாவிலோ சுமார் 120 கிராம் இருக்கிறது. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் நம்ப மறுத்து, கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். உரத் தொழிற்சாலையால் அம்மோனியாவை நன்கறிந்த எங்கள் ஊரிலிருந்து கப்பலேறப் போவதும் பெரும்பாலும் அந்த வடிவில்தான் இருக்கும்.

ஆனால் அம்மோனியா தானாக ஹைட்ரஜனை விட்டுவிடாது. அதைச் சிதைக்க வெப்பமும், அந்த வினையை விரைவுபடுத்த ஓர் உலோக வினையூக்கியும் தேவை. வினையூக்கியின் மேற்பரப்பில் அம்மோனியா மூலக்கூறு ஒட்டி, ஹைட்ரஜன் அணுக்களை ஒவ்வொன்றாக இழக்கிறது. கடைசியில் எஞ்சும் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து வெளியேற வேண்டும். இரும்பு அந்த நைட்ரஜனை இறுகப் பற்றிக்கொள்வதால் அடுத்த மூலக்கூறுகளுக்கு இடம் கிடைப்பதில்லை. மலிவான நிக்கல், தொழில் அளவில் பெரும்பாலும் 800 டிகிரிக்கு மேலான வெப்பத்தில்தான் திருப்தியாக வேலை செய்கிறது. மிக இறுக்கமாகவும் இல்லாமல் மிகத் தளர்வாகவும் இல்லாமல் பிடிக்கும் ருத்தேனியம் என்ற உலோகமோ 400 முதல் 500 டிகிரியிலேயே நன்றாக இயங்குகிறது.

சிக்கலும் அங்கேதான். ருத்தேனியத்துக்கெனத் தனிச் சுரங்கம் கிடையாது; பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் எடுக்கும்போது உடன் கிடைப்பது, உலகம் முழுவதற்கும் ஆண்டுக்குச் சில பத்து டன்கள் மட்டுமே. ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்று நாடு இலக்கு வைத்திருக்கும்போது, அதில் ஒரு பகுதியை மீட்பதற்குக்கூட இவ்வளவு அரிய உலோகத்தை நம்புவது சரியாகுமா? கோபால்ட், நிக்கல், மாலிப்டினம் ஆகியவற்றைக் கலந்தும், சிறு அளவு பொட்டாசியம் அல்லது சீசியம் சேர்த்தும், குறைந்த வெப்பத்தில் இயங்கும் வினையூக்கிகளை உருவாக்கும் ஆய்வுகளுக்குக் கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. வெப்பம் குறைவது சிறு விஷயமன்று: எவ்வளவு நல்ல வினையூக்கியாக இருந்தாலும், கிடைக்கும் ஹைட்ரஜனின் எரிசக்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை அம்மோனியாவைச் சிதைக்கவே செலவிட வேண்டும். 800 டிகிரிக்குச் சூடேற்றினால் ஏற்படும் வெப்ப இழப்பு இதற்கு மேல்.

ஹைட்ரஜனை ஏற்றிச் செல்லக்கூடிய மற்றொரு சேர்மமான சோடியம் போரோஹைட்ரைடின் வரலாறும் இங்கே கவனிக்கத்தக்கது. கோபால்ட் உப்பு சிறிதளவு இருந்தாலே அது நீருடன் சேர்ந்து அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜனைத் தரும் என்பது 1953-லேயே ஆய்விதழில் வெளிவந்துவிட்டது. எனினும் எஞ்சும் போரேட்டைத் திரும்பப் போரோஹைட்ரைடாக மாற்றுவதற்கு ஆகும் ஆற்றலும் செலவும் மிகுதியாக இருந்ததால், வாகனங்களுக்கு அது வேண்டாம் என்று 2007-ல் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. அம்மோனியாவில் எஞ்சுவது காற்றிலேயே இருக்கும் நைட்ரஜன் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே, துறைமுகத் திட்டங்களைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, எத்தனை டன் உற்பத்தி என்பதோடு, அதை எந்த வடிவில் அனுப்புகிறார்கள், மறுமுனையில் எந்த வினையூக்கியால் எத்தனை டிகிரியில் பிரிக்கப் போகிறார்கள் என்பதையும் அதிகாரிகளிடம் கேட்டு வெளியிடுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தூத்துக்குடி.