ஒரு கணினி, மூன்று திரை, மூன்று பிள்ளைகள்: கணினி அறை மாற்றம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

கணினி அறையில் இந்தப் பருவத்திலிருந்து ஒரு மாற்றம் செய்கிறோம். பிள்ளைகள் சொல்லி அரைகுறையாக உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே எழுதிவிடுகிறேன். இனி, ஒருசில தவிர, ஒவ்வொரு கணினிப் பெட்டியோடும் மூன்று மானிட்டர், மூன்று கீபோர்டு, மூன்று மவுஸ் இணைந்திருக்கும். மூன்று பேர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு லாகினில், ஆளுக்கொரு வேலையைச் செய்வார்கள்.

"அப்படியென்றால் என் பிள்ளைக்குக் கணினியில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்குமா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்: ஒரு கணினி முன்னால் மூன்று பேர் உட்காருகிறார்கள், ஒருவர் தட்டச்சு செய்கிறார், மற்ற இருவரும் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் அதே ஆள்தான், வீட்டிலேயே கணினி இருக்கிற, கூச்சமில்லாத பிள்ளை. கூச்சப்படுகிற பிள்ளை பாடவேளை முழுவதும் மவுஸைத் தொடாமலேயே எழுந்து போய்விடுகிறது, வருகைப் பதிவேட்டில் மட்டும் கணினி வகுப்புக்கு வந்ததாக இருக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை. கணினியின் வேகத்தில் பங்கு போட்டுக்கொள்ளலாம், கீபோர்டில் பங்கு போட்டால் யாராவது ஒருவர் கற்காமல்தான் போவார்கள்.

வேகம் குறையுமா என்றால், நம் பாடத்திட்டத்தில் இருக்கிற வேலைகளுக்குப் பெரிதாகக் குறையாது. ஒரு பிள்ளை கட்டுரை தட்டச்சு செய்யும்போதோ, ஸ்பிரெட்ஷீட்டில் மதிப்பெண் கூட்டும்போதோ, பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்ச்சில் ஒரு பூனையை நடக்க வைக்கும்போதோ கணினியின் மூளையான பிராசசர் பெரும்பாலான நேரம் அடுத்த விசை எப்போது அழுத்தப்படும் என்று சும்மா காத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தைத்தான் மற்ற இருவருக்கும் கொடுக்கிறோம். இது புது யோசனையும் கிடையாது. 1964 மே மாதத்தில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டை இயக்கிக் காட்டினார்கள். பேசிக் என்ற நிரல் மொழியும் அதோடு சேர்ந்துதான் பிறந்தது. அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட்டுப் பழக வேண்டும் என்பது அவர்கள் நோக்கம், அன்றைய கணினியோடு ஒப்பிட்டால் இன்று நம் மேசையில் இருப்பது எத்தனையோ மடங்கு வலுவானது.

சரி, எப்படிச் செய்கிறோம்? விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது, 'சீட்' என்று சொல்வார்கள். ஒரு சீட் என்றால் ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், வேண்டுமானால் ஒரு ஹெட்போன். எந்தச் சாதனம் எந்த சீட்டைச் சேர்ந்தது என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும், அதற்குப் பிறகு கணினி ஆன் ஆனதும் மூன்று திரையிலும் தனித்தனி லாகின் பக்கம் வந்து நிற்கும். கவனிக்க வேண்டிய இடம், திரைக்குப் படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு. ஒரு கார்டில் மூன்று போர்ட் இருக்கிறதே, மூன்று பேருக்குப் பிரித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் சாதாரண முறையில் ஒரு கார்டு முழுவதுமாக ஒரே சீட்டுக்குத்தான் போகும். அதனால் கணினியின் மதர்போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸோடு இரண்டு சிறிய கார்டுகளைச் சேர்க்கிறோம். கூடுதல் கார்டு போட்டதும் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும், கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் போய் அதைத் திரும்ப இயக்க வேண்டும். ஒவ்வோர் இருக்கைக்கும் பல சாதனங்களைச் செருகத் தனி யுஎஸ்பி ஹப், அதில் செருகும் பென் டிரைவ் அந்த இருக்கைக்கு உரியதாகவே இருக்கும். கேபிளை இழுத்துக்கொண்டே போக முடியாது, யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை, அதனால் மூன்று பேரும் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்காருவார்கள்.

ரேமில், அதாவது கணினியின் நினைவகத்தில், மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை, பெட்டிக்கு 16 ஜிபி. நினைவகத்தை விழுங்குவது பிரவுசர்தான், ஒரு பிள்ளை இருபது டேப் திறந்தால் மற்ற இருவருக்கும் கணினி நகராது. அதனால் ஒவ்வொரு பயனருக்கும் நினைவகத்தில் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறோம், அதைத் தாண்டினால் தாண்டியவரின் வேலைதான் நிற்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி பழுதானால் மூன்று பேருக்கும் வேலை நின்றுவிடும். அதற்காக ஒரு பெட்டியை முழுதாகத் தயார் செய்து தனியே வைத்திருக்கிறோம், யுபிஎஸ்ஸும் உண்டு. ஒருவர் பவர் பட்டனைத் தொட்டால் மூன்று பேரின் வேலையும் போய்விடுமே என்று பட்டனை லேசாக அழுத்தினால் எதுவும் நடக்காதபடி அமைப்பில் மாற்றிவிட்டோம், ஆனால் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் கணினி அணைந்தே தீரும். தயவுசெய்து இதை வீட்டில் ஒருமுறை சொல்லிவையுங்கள். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வேலை எல்லாம் இந்த மேசைகளில் சரிப்படாது, அவற்றுக்கு ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினிகள் சில அப்படியே இருக்கும்.

வீட்டு விண்டோஸ் கணினியிலும் ஆளுக்கொரு அக்கவுண்ட் இருக்கிறதே, அதுவும் இதுதானே என்று கேட்டால், இல்லை. அதில் பல பேர் லாகின் செய்துவைக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும். இருந்தாலும் வீட்டில் எல்லோரும் ஒரே அக்கவுண்டில் புழங்குவதைவிட அது எவ்வளவோ மேல், பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுண்ட் கொடுங்கள்.

பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி பாஸ்வேர்டு உண்டு. பக்கத்து இருக்கைப் பிள்ளை ஒரே பெட்டியில் இருந்தாலும் உங்கள் பிள்ளையின் கோப்புகளைத் திறக்க முடியாது, பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுத்தால் தவிர. அப்புறம் இன்னொன்று, இது உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: பாடவேளையில் ஆசிரியர் தன் திரையில் எல்லா மாணவர்களின் திரைகளையும் சிறியதாகப் பார்க்க முடியும், தேவைப்பட்டால் பூட்டவும் முடியும். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவிட்டோம். வகுப்பு நடக்கும்போது மட்டும்தான் இது, எதையும் பதிவுசெய்து வைப்பதில்லை. யாருக்காவது இதில் தயக்கம் இருந்தால் நேரில் வந்து பேசுங்கள், நான் அதைத் தொந்தரவாக நினைக்கமாட்டேன்.

கடைசியாக ஓர் உதவி. வீட்டில் பயன்படுத்தாத, நன்றாக எரிகிற மானிட்டர் இருந்தால் எங்களுக்குத் தேவைப்படும். பின்பக்கம் இருக்கும் போர்ட் விஜிஏவா, எச்டிஎம்ஐயா, டிவிஐயா என்று பார்த்து, இல்லையென்றால் போட்டோ எடுத்து, முதலில் வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள். விஜிஏ மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, அடாப்டர் போட்டுப் பயன்படுத்திக்கொள்வோம். கீபோர்டு, மவுஸ் என்றால் யுஎஸ்பி வகை மட்டும், பழைய உருண்டை பின் இருப்பது இந்த அமைப்புக்கு ஒத்துவராது. பழைய கணினிப் பெட்டிகளை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம், வைக்க இடமில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்