‘அனுப்பு’ பொத்தான் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சரக்கு இருப்புப் பக்கத்தில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால் கணக்கு வந்து சேரவில்லை என்று சில நாட்களாகத் தொலைபேசி ஓயவில்லை. ஒவ்வொருவரிடமும் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறோம்.

நாங்கள் தந்த கோப்பை உங்கள் கணினியில் வைத்து நேரடியாகத் திறக்கிறீர்கள். முகவரிப் பட்டையைப் பாருங்கள், ‘ஃபைல்’ என்று தொடங்கும். அப்படித் திறந்த பக்கம் தகவல் அனுப்பினால், எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில் பிரவுசர் ‘நல்’ (null, ஒன்றுமில்லை) என்று மட்டும் போடும். ஊர் பேர் கிடையாது. இதுவரை உங்களுக்காக எங்கள் சர்வர் அதையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் மின்னஞ்சலில் வந்த ஏதோ ஒரு கோப்பைத் திறந்தாலும் அதுவும் ‘நல்’ என்றுதான் வரும். எது உங்களுடையது என்று எப்படிப் பிரிப்பது? அதனால் நிறுத்தினோம்.

‘சந்தா கட்டவைக்க வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு சுற்றுகிறது. படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தின் தகவலைப் படிக்கக்கூடாது என்ற விதி 1990களில் நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் காலத்திலேயே வந்தது, எங்கள் கண்டுபிடிப்பல்ல. 2019இல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் 68ஆம் பதிப்பு வந்தபோது, ஒரே ஃபோல்டரில் இருக்கும் கோப்பைக்கூட நம் பக்கத்தால் படிக்க முடியாமல் போனது. குரோமில் அதற்கு முன்பே அப்படித்தான். தனியாக இருந்த விலைப்பட்டியலை அப்போது பக்கத்துக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தோமே, அதற்கு யாரிடமாவது காசு கேட்டோமா?

குரோமின் பாதுகாப்பை அணைத்துவிட்டுத் திறந்தால் போதும் என்று ஒரு யோசனையும் உலவுகிறது. தயவுசெய்து வேண்டாம். அதே பிரவுசரில் வங்கிப் பக்கத்தைத் திறந்தால் அதற்கும் காவல் இருக்காது.

நீங்கள் தட்டிய கணக்கு வேறெங்கும் போகவில்லை. நம் பக்கம் அனுப்பும் வகைத் தகவலுக்குப் பிரவுசர் முதலில் சர்வரிடம் அனுமதி கேட்கும், மறுத்தால் தகவலை அனுப்பவே அனுப்பாது. பக்கத்தை மூடும் முன் ‘சேமி’ கொடுத்து எடுத்து வையுங்கள். அப்புறம் எங்கள் தளத்தில் உள்நுழைந்து, அங்குள்ள புதிய பக்கத்தில் ஏற்றிவிடலாம். பார்வைக்கு அதே பக்கம்தான், இணையம் இல்லாதபோது மட்டும் திறக்காது. முதல் ஆண்டு முடிந்தபின் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு.

முதல் பதிப்பிலிருந்து கூடவே இருப்பவர்களுக்கு மனமார்ந்த நன்றி. திட்டுவதற்கு முன் கூப்பிட்டுக் கேட்டவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

அன்புடன்,
உரிமையாளர்