அட்டையும் பக்க எண்ணும் அலங்காரமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆய்விதழ்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். அட்டை, ஆசிரியர் குழுப் பட்டியல், மலர் எண், பக்க எண் முதலியவை அச்சுக் காலத்து அலங்காரங்கள் என்றும், மின்னிதழுக்குக் கட்டுரை ஒன்றே போதும் என்றும் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. நூலகத்தின் பருவ இதழ்ப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தவன் நான். அத்தனை ஆண்டுகளும் ஒவ்வோர் இதழும் வந்துசேர்ந்ததைக் குறிக்கும் கார்டெக்ஸ் அட்டைகளில் நான் பதிந்துகொண்டிருந்தவை வெறும் அலங்காரங்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. தெரிவித்தமைக்கு நன்றி.

தாங்கள் அறியாதது ஒன்றுமில்லை. 1665 மார்ச்சில் ஹென்றி ஓல்டன்பர்க் லண்டனில் ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ என்ற அறிவியல் ஆய்விதழைத் தொடங்கினார். யார் எதை முதலில் கண்டார் என்ற சண்டை ஓயாத காலம் அது. தேதியோடு அச்சில் ஏறிவிட்டால் உரிமைக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும். இன்றும் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பெறப்பட்ட நாள், திருத்தப்பட்ட நாள், ஏற்கப்பட்ட நாள் என்று மூன்று தேதிகள் சின்ன எழுத்தில் நிற்கின்றன. சின்ன எழுத்தில் இருப்பதாலேயே அவற்றையும் அலங்காரக் கணக்கில் சேர்த்துவிடலாம் போலிருக்கிறது.

பக்க எண்ணுக்கு வருகிறேன். பல ஆய்விதழ்களில் ஓர் ஆண்டின் முதல் இதழ் 112ஆம் பக்கத்தில் முடிந்தால், அடுத்த இதழ் 113இல்தான் தொடங்கும். நான்கு இதழ்களையும் சேர்த்து பைண்டு செய்தால் ஒரே தொகுதி, ஒரே எண் வரிசை. மலர் எண்ணும் பக்க எண்ணும் தெரிந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். வேலையில் சேர்ந்த புதிதில், புதிய இதழ் 113இல் தொடங்குகிறதே, முதல் 112 பக்கங்கள் எங்கே என்று சந்தாக்காரர் ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். அவரை நான் மன்னித்துவிட்டேன். அவர் ஆய்விதழ்களைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் அல்லர்.

பைண்டிங் என்றதும் பழைய புண் ஒன்று வலிக்கிறது. பைண்டு செய்பவர் செய்யும் முதல் வேலை அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்தெறிவது. தொகுதி பருமனாகக் கூடாது என்பது அவர் நியாயம். ஆனால் ஆசிரியர் குழுவின் பெயர்கள் பல இதழ்களில் உள்ளட்டையில்தான் இருக்கும். சில இதழ்களில் பொருளடக்கம் பின்னட்டையில் இருக்கும். பிழைதிருத்தம் தனித் துண்டுத் தாளாக உள்ளே செருகப்பட்டிருக்கும். கிழிக்காதீர்கள் என்று நான் மூன்று முறை எழுத்துமூலம் கேட்டேன். அலமாரியில் இடமில்லை என்று மூன்று முறை பதில் வந்தது. பிறகு இப்படி பைண்டு செய்த தொகுதிகளிலிருந்தே பல பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அன்று குப்பைக்குப் போன அட்டை இன்று மின்வடிவிலும் இல்லை. அந்த ஆண்டில் அந்தக் கட்டுரையை யார் ஆசிரியராக இருந்து ஏற்றுக்கொண்டார்கள் என்று ஓர் ஆய்வாளர் கேட்டால், கிழித்தவரைத்தான் கேட்க வேண்டும். பிறவியிலேயே மின்னிதழாக வருபவற்றின் நிலையும் மெச்சும்படி இல்லை. ஆசிரியர் குழு மாறியதும் பழைய பட்டியலின் மேலேயே புதியதைப் பதிந்துவிடுகிறார்கள். முன்பு இருந்தவர்கள் இருந்த சுவடே இருப்பதில்லை.

மின்னிதழ் என்றாலே எனக்கு ஆகாது என்று கட்டுரையாளர் நினைக்க வேண்டாம். அச்சு தோற்ற இடமும் எனக்குத் தெரியும். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பேசிய கட்டுரை ‘லான்செட்’ மருத்துவ இதழில் 1998இல், மலர் 351இல் வந்தது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. மின்வடிவத்தைத் திறந்தால் திரும்பப் பெறப்பட்டது என்ற எச்சரிக்கை முகத்தில் அறைகிறது. அலமாரியில் இருக்கும் 1998ஆம் ஆண்டுத் தொகுதியோ, ஒன்றுமே நடவாதது போல 637ஆம் பக்கத்தில் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்றில் மின்னிதழ் வென்றது. வென்றதும் எதனால்? கட்டுரைக்கு வெளியே இருக்கும் ஓர் உறுப்பினால், அதாவது கட்டுரையாளர் வேண்டாம் என்கிற வகையறாவினால்.

மற்றபடி மின்னிதழிலும் உறுப்புகள் ஒழிந்துவிடவில்லை. உருமாறியிருக்கின்றன, அவ்வளவுதான். தொடர் பக்க எண்ணுக்குப் பதில் பல இதழ்களில் கட்டுரை எண் வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டுரையும் ஒன்றாம் பக்கத்தில் தொடங்குகிறது. அட்டை செய்த வேலையில் பாதியை, கட்டுரைக்குக் கட்டுரை தரப்படும் நிலையான அடையாளமான டிஓஐ எண் செய்கிறது. இதழுக்கான அடையாள எண்ணாகிய ஐஎஸ்எஸ்என் எட்டு இலக்கம் கொண்டது; கடைசி இலக்கம் முந்தைய ஏழையும் சரிபார்ப்பதற்கு. அச்சுப் பதிப்புக்கு ஓர் எண், மின்பதிப்புக்கு வேறோர் எண். ஒரே எண்ணை இரண்டிலும் ஒட்டிவிட்டு, நூலகம்தான் தவறாகப் பதிந்துவிட்டது என்று என்மேல் பழி போட்ட பதிப்பாளரும் உண்டு.

கட்டுரை மட்டும் போதும் என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வழிகாட்டிய மாணவி ஒருத்தி மேற்கோள் காட்டிய கட்டுரை, இணையத்தில் டிசம்பரில் வெளியானது. மலரும் இதழ் எண்ணும் அதற்கு அடுத்த ஆண்டுதான் கிடைத்தன. ஆய்வேட்டில் ஓரிடத்தில் முந்தைய ஆண்டும் மற்றோரிடத்தில் பிந்தைய ஆண்டும் வந்துவிட்டன. கவனக்குறைவு என்று மதிப்பீட்டாளர் சிவப்பு மையில் எழுதினார். இரண்டு ஆண்டுகளும் சரியானவை! அந்தப் பெண் அழுததைப் பார்த்தவன் நான். எந்தத் தேதி எதற்குரியது என்று முதல் பக்கத்தில் தெளிவாக ஒரு வரி இருந்திருந்தால் அவள் அழுதிருக்க வேண்டியதில்லை.

கடைசியாகத் தங்கள் பத்திரிகையைப் பற்றி. மலர் 9, இதழ் 4க்குப் பிறகு எனக்கு வந்தது மலர் 11, இதழ் 1. மலர் 10 என் வீட்டுக்கு மட்டும் வரவில்லையா, உலகத்துக்கே வரவில்லையா என்று கேட்டு இரண்டு கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லை. அலங்காரத்தைப் பற்றிய கேள்விக்கு எதற்குப் பதில் என்று விட்டிருப்பீர்கள். முன்பெல்லாம் ஆண்டிறுதி இதழில் வந்த பொருளடைவும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிற்று. தங்கள் மின்பதிப்பில் ஒரு கட்டுரையைத் தனியே இறக்கினால், அது எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதற்குக்கூட அந்தக் கோப்பில் அடையாளம் இல்லை. நான் சேமித்திருக்கும் 40 கோப்புகளில் எத்தனை தங்களுடையவை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

பொருளடைவை மீண்டும் தாருங்கள் என்று கேட்கும் துணிவு எனக்கில்லை. ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்தின் அடியில், பத்திரிகையின் பெயர், மலர், இதழ், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை ஒரே வரியில், அச்சிலும் மின்பதிப்பிலும் போட்டால் போதும். எட்டுப் புள்ளி எழுத்தில் போட்டால் பக்கத்தின் அழகும் கெடாது. மலர் 10 இருந்ததா இல்லையா என்பதையும் இரண்டு சொல்லில் தெரிவித்தால் என் கார்டெக்ஸ் அட்டையில் காலியாகக் கிடக்கும் கட்டத்தை நிரப்பிக்கொள்வேன். ஆம், வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பருவ இதழ்ப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்