படத்தின் முதுகு

அன்புள்ள முருகேசா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தங்கை சொன்னாள். கேட்டதும் மனசு லேசானது.

இங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அதற்காக, கல்லூரியில் நீ வரைந்து தந்த ஏரிக்கரைப் படத்தைப் போன வாரம் சுவரிலிருந்து இறக்கினேன். 30 வருஷமாக வீட்டில் இருந்தும் அதன் முதுகை நான் பார்த்ததே இல்லை. கித்தானைச் சுற்றித் துருவேறிய ஆணிகள். மூலைகளில் துணி விறைப்பாக நிற்க அடித்த சின்ன மர ஆப்புகள். அதில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. அந்த மூலையில் மட்டும் துணி தொய்ந்திருக்கிறது. கீழ்க்கட்டையில் பென்சிலில் ஓர் அளவு, ஆசாரியின் கையெழுத்து.

உடனே பிரெஞ்சு ஓவியர் தெசோஸ் ஞாபகம் வந்தது. 1967-ல் மரச்சட்டத்தில் கித்தானுக்குப் பதில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, சுவரில் சாய்த்து வைத்தாரே, அந்த தானியேல் தெசோஸ். கட்டைகள், மூலைப் பொருத்துகள், பின்னாலிருக்கும் சுவர் எல்லாம் அதில் தெரியும். அவர் நண்பர் க்ளோத் வியாலா சட்டத்தையே விட்டுவிட்டார். அவரைக்கொட்டை மாதிரி ஒரே உருவத்தை வெறும் துணியில் திரும்பத் திரும்பப் பதித்து, அப்படியே தொங்கவிட்டார். 1970-ல் பாரிஸில் இவர்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தபோது 'சுப்போர்/சுர்ஃபாஸ்' என்று பெயர் வைத்தார்கள். தாங்குவதும் மேற்பரப்பும்.

"படமே இல்லாதது என்னடா ஓவியம்?" என்று அன்றைக்கு என்னோடு சண்டை போட்டாய். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். நாம் ஏரியைப் பார்க்கிறோம். அந்த ஏரியை இத்தனை வருஷம் விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தது நாலு கட்டை. அதைப் பார்க்கவிடாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பதுதான் நம் வழக்கம். தெசோஸ் அதை நம் பக்கம் திருப்பினார். 1670 வாக்கில் கெய்ஸ்பிரெக்ட்ஸ் என்ற ஃபிளெமிஷ் ஓவியரும் ஓவியத்தின் பின்பக்கத்தை, ஆணி உட்பட, அச்சு அசலாக வரைந்திருக்கிறார். அபாரமான கை. ஆனாலும் அது மரம் மாதிரி தெரியும் வர்ணம். தெசோஸிடம் இருப்பது மரமேதான். எனக்கு அதுதான் நெருக்கம்.

புதிதாக ஓர் ஆப்பு செதுக்கித் தரச் சொல்லியிருக்கிறேன். அப்புறம், அந்தச் சட்டத்தை நமக்குச் செய்து கொடுத்த ஆசாரியின் பெயர் என்ன? ஞாபகம் இருந்தால் எழுது. திரும்ப மாட்டுவதற்கு முன் அந்தப் பென்சில் அளவுக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

அன்புடன்,
செல்வம்