ரெகுலேட்டரைக் கைப்பையில் கொண்டுபோக விடுங்கள்

விமானப் பயணப் பாதுகாப்பு விதிகளை எழுதுகிறவர்களுக்கும், கவுண்டரில் நின்று அவற்றை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

குளச்சலுக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுப்பது என் தொழில். சீசன் தொடங்கியதும் அந்தமானுக்கு வேலைக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போக வேண்டும், இல்லாவிட்டால் தூத்துக்குடி, மதுரை. இந்த முறை என் ரெகுலேட்டரை எந்த நிலையத்தில் கைப்பையில் விடாமல் தடுத்தார்கள் என்று எழுதப் போவதில்லை. யாரையும் மாட்டிவிட எனக்கு ஆசையில்லை. தவிர, இது ஓரிடத்தில் மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை.

ஃபின் என்கிற கால் துடுப்பு, வெட்சூட் என்கிற நீச்சல் உடுப்பு, மிதவைச் சட்டை எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போய்விடும். கத்தியும் உறையோடு அங்கேதான். அது நியாயமான விதி, யாரும் சண்டை போடுவதில்லை. முங்குவதற்குக் கனமாகக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டியையும் காற்று சிலிண்டரையும் போகிற இடத்தில் எடுத்துக்கொள்வோம். கைப்பையில் வருவது மூன்றே பொருள்: சிலிண்டர் காற்றை மூச்சுவிட வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், மூழ்கிய ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், டார்ச்சுக்கான உதிரி பேட்டரி.

அந்த மூன்றையும் தட்டில் வைத்ததும் வரிசை நின்றுவிட்டது.

முதலில் பேட்டரி. உதிரி லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கையில்தான் வர வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. செக்-இன் கவுண்டரில் இருந்த தங்கச்சியும் அதையேதான் சொன்னார். சோதனையில் நின்றவரோ, "இது கையில் போகாது, பெட்டியில் போடுங்கள்" என்றார். 3.7 வோல்ட், 3.4 ஆம்பியர்-ஹவர் செல். பெருக்கினால் பேட்டரிக்குள் அடங்கும் மின்சாரம் 13 வாட்-ஹவர்கூட வராது. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய வரம்பு 100. எனக்கு முன்னால் போனவரின் 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க் 74 வாட்-ஹவர். அது ஒரு கேள்வியும் இல்லாமல் உள்ளே போனது. சரி, கணக்கைக் காட்டிப் பேசியதில் பேட்டரியை விட்டுவிட்டார்கள்.

ரெகுலேட்டரை விடவில்லை.

"கேஸ் சாதனம்" என்றார் ஒருவர். "சிலிண்டர் எங்கே?" என்று இன்னொருவர். சிலிண்டர் கொண்டுவரவில்லை என்றேன். "சிலிண்டர் இல்லாமல் இது எதற்கு?" இதற்கு என்ன பதில் சொல்வது? சிலிண்டர் கொண்டுவந்திருந்தால் என்னை விட்டிருப்பார்களா? எக்ஸ்ரே திரையில் பித்தளைக் கட்டியும் அதிலிருந்து நாலைந்து ஹோஸ் குழாயும் தெரிந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். திறந்து பாருங்கள், துடைத்து ரசாயனச் சோதனை செய்யுங்கள் என்று நானே கேட்டேன். அதற்கு நேரமில்லை. ஒரு அட்டைப்பெட்டியில் டேப் சுற்றி, கடைசி நேரத்தில் சரக்கோடு ஏற்றிவிட்டார்கள்.

போய் இறங்கியபோது ஒரு ஹோஸ் மூட்டுப் பக்கம் மடங்கியிருந்தது. வாயில் வைக்கும் பகுதியின் மூடியில் விரிசல். காற்று நுழையும் வாயை அடைத்திருந்த தூசி மூடியைக் காணோம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றலாம். சிலிண்டருக்குள் காற்று 200 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றைப் போல சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. அதைப் பத்து பார் அளவுக்கு இறக்கி, பிறகு அந்த ஆழத்து நீரழுத்தத்துக்குச் சமமாக்கி, இழுக்கும்போது மட்டும் வாய்க்குத் தருவது இந்தக் கருவி. உள்ளே சின்னச் சின்ன சீல்கள், ஸ்பிரிங், ஒரு வடிகட்டி. உப்போ மணலோ புகுந்தால், சீல் நகர்ந்தால், தண்ணீருக்கடியில் காற்று தானாகக் கொட்டத் தொடங்கும். முதல்முறை கடலுக்குள் வருகிற ஒருவரைக் கையைப் பிடித்து 12 மீட்டர் ஆழத்துக்குக் கூட்டிப்போகிறவன் நான். அவருக்குக் காற்று தீர்ந்துபோனால் என் ரெகுலேட்டரில் இருக்கும் இன்னொரு வாய்தான் அவருக்கு. ஒருமுறை சந்தேகம் வந்த கருவியோடு இறங்க முடியாது. சர்வீஸ் முடியும்வரை வாடகை ரெகுலேட்டர். வாடகை என் கூலியிலிருந்து.

எங்கள் கடியபட்டணத்திலும் எல்லைக்கு அந்தப் பக்கம் விழிஞ்சத்திலும் சிப்பி எடுக்கிற அண்ணன்மார் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார்கள். அவர்களுக்கு உங்களால் தொந்தரவே இல்லை. சுற்றுலாக்காரர்களையும் அப்படியே முங்கச் சொல்லலாம் என்றால் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பெட்டியாவது கனம் குறையும். கனம் என்றதும் ஞாபகம் வருகிறது: 15 கிலோவுக்குள் ஒரு ஆளின் டைவிங் சாமானையும் துணிமணியையும் அடக்கச் சொல்கிறார்கள், மேலே போகிற ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. அதைக் கட்டிவிட்டு, அந்தச் சாமானை உடைத்து வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கும் முன்னால் மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்ட ஒரு தனி நேரம். அது உங்கள் இலாகா இல்லை, விட்டுவிடுகிறேன்.

விதிகளை மதிக்கத் தெரியாதவர்கள் நாங்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். பல நாள் தொடர்ந்து மூழ்கியவர், கடைசி முறை மேலே வந்து குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்பது எங்கள் பாடம். ஊரில் கல்யாணம், துஷ்டி எதுவானாலும் அந்த நேரம் கழியும்வரை கரையில் உட்கார்ந்திருப்போம். அதைக் கணக்குப் பார்த்துச் சொல்கிற கம்ப்யூட்டரைத்தான் "இது என்ன டைமர்?" என்று கேட்டீர்கள்.

மனது வைத்தால் உங்களால் முடியும் என்பதும் தெரியும். சபரிமலை சாமிமார் இருமுடித் தேங்காயைக் கையிலேயே கொண்டுபோகலாம் என்று 2024 அக்டோபரில் அனுமதி கொடுத்தீர்கள். எக்ஸ்ரே, வெடிமருந்துச் சோதனை, கையால் பரிசோதனை, மூன்றும் முடிந்தால் போகலாம் என்றீர்கள். திருவனந்தபுரமும் கொச்சியும் வழியாக வரும் பக்தர்களுக்கு அது எவ்வளவு உபகாரம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். நான் கேட்பதும் அதே மூன்று சோதனைதான். அது முடிந்ததும் ரெகுலேட்டரைக் கைப்பையில் விடுங்கள்.

வாய்ச்சொல்லாக வேண்டாம். இன்று விடுகிறவர் நாளை ஷிப்டில் இருக்க மாட்டார். சிலிண்டர் இல்லாத ரெகுலேட்டர், டைவ் கம்ப்யூட்டர், வரம்புக்குள் இருக்கும் உதிரி பேட்டரி ஆகியவற்றைச் சோதனைக்குப் பின் கையில் கொண்டுபோகலாம் என்று ஒரு பக்க உத்தரவு போடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் இருந்தால் நல்லது. செக்-இன் கவுண்டரிலும் சோதனை வரிசையிலும் அதே தாள் இருக்க வேண்டும். எதையாவது விடக் கூடாது என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வருவோம்.

அக்டோபரில் மறுபடி கிளம்ப வேண்டும். அதற்குள் பதில் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
குளச்சல் பக்கத்து டைவிங் பயிற்றுநர் ஒருவன்