சிமிட்டலை எண்ணிய மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. காரணம் சொன்னால் நீ நம்பப் போவதில்லை, எனவே நேரில் பார்க்கும்போது திட்டு வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

விஷயம் பேத்தியைப் பற்றியது. ஏழு வயது முடியப் போகிறது. போன வாரம் இருட்டுகிற நேரத்தில் அவளைக் காணோமே என்று தேடினால், பின்னறை ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நோட்டு மூக்கில் இடிக்கிறது. நான் விளக்கைப் போட்டதும் ஓவென்று அழுதாள். "போடாதீர்கள் தாத்தா, பூமி செத்துப்போய்விடும்!"

வகுப்பில் யாரோ வந்து மின்சிக்கனம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். உருகும் பனிப்பாறை, தவிக்கும் கரடி, கடைசியில் ஒரு சுவிட்ச். குழந்தை மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. பேசியவர் மேல் எனக்குப் பொல்லாத கோபம். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: நாள் முழுக்க "விளக்கை அணை, விளக்கை அணை" என்று இந்த வீட்டில் கத்துகிறவன் யார்? எது எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு நாளாவது அவளுக்குச் சொன்னேனா? எனக்கே தெரியாது. உன் விடைத்தாளைப் பார்த்து பௌதிகம் தேறியவன்தானே நான்.

மறுநாள் மாலை இருவரும் மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பாய். எங்கள் மீட்டரில் 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று பொறித்திருக்கிறது. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தினோம். அப்படியும் சிமிட்டியது! வீடு முழுக்கத் துப்பறிந்து திருடனைப் பிடித்தவள் அவள்தான்: ரிமோட்டில் 'அணைத்து' வைத்திருந்த செட்டாப் பாக்ஸ். பிளக்கைப் பிடுங்கியதும் அடங்கியது.

பிறகு அவள் படிக்கிற 9 வாட் எல்.இ.டி. விளக்கை மட்டும் போட்டோம். ஒரு சிமிட்டல். காத்திருந்தோம். கடிகாரத்தையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்க்கிறாள், மூச்சுக்கூட விடவில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகித்தான் அடுத்தது வந்தது. "இவ்வளவுதானா?" என்றாள். நண்பா, அந்த முகம் தளர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து 2000 வாட் கீசர். நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல் வர வேண்டும். நாற்பதிலேயே எண்ணிக்கை தவறிச் சிரித்துக்கொண்டு கீழே உருண்டாள்.

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஆற்றலை ஜூலில் அளப்பார்கள், ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 4200 ஜூல் வேண்டும். 20 லிட்டர் வாளியை 25 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுபோனால் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அதே மின்சாரத்தில் அவள் விளக்கு 39 மணி நேரம் எரியும்! நான் தினமும் இரண்டு வாளி வெந்நீரில் குளித்துவிட்டு வந்து, அரை மணி விளக்குக்காகக் குழந்தையை அதட்டியிருக்கிறேன்.

ஜூல் என்றால் என்ன என்று கேட்டாள். மாடிப்படியில் ஏறச் சொன்னேன். 20 கிலோ உடம்பு 3 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 600 ஜூல். 9 வாட் விளக்கு நொடிக்கு 9 ஜூல் தின்கிறது, ஆக ஒரு தடவை ஏறினால் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான கூலி. (உடம்பு உள்ளே எரிப்பது வேறு கணக்கு என்று நீ ஆரம்பிக்காதே.) வீட்டுப்பாடத்தின் அரை மணிக்கு 27 தடவை ஏற வேண்டும். சம்பாதித்தே தீருவேன் என்று கிளம்பியவள் ஒன்பதாவது தடவையில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு யூனிட்டுக்கு 6000 தடவை என்றதும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

ஆனால் ஒரு சிக்கல். முந்தாநாள் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தது. கேட்டால், "இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல்தானே தாத்தா" என்கிறாள். பயத்தைத் துடைக்கப் போய் அக்கறையையும் சேர்த்துத் துடைத்துவிட்டீர்களே என்கிறாள் மருமகள். எனக்குப் பதில் வரவில்லை. இருட்டில் உட்கார்ந்து அழுத குழந்தைக்கு இது பரவாயில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் வீண் என்ற சொல்லைப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது? முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளோடு மாரடித்தவன் நீ. உடனே எழுது. நான்கு மாதம் பழிவாங்காதே.

குளியலறைக் கதவில் நேற்று ஒரு தாள் முளைத்திருக்கிறது: 'தாத்தாவுக்கு ஒரு வாளி. இன்னொன்று வேண்டுமானால் 2100 தடவை மாடி ஏற வேண்டும்.' அது அவள் எடைக்கான கணக்கு, என்னுடைய 60 கிலோவுக்கு 700 தடவை போதும் என்று வாதாடினேன். சரி, ஏறுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உன்,
ஒரு வாளிக்காரன்