மதர் லிக்கர்ல இருந்து கிரிஸ்டலை வெளிய எடுக்காதீங்க சார்: நம்ம யூனிவர்சிட்டி எக்ஸ்ஆர்டி லேப் பொறுப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார், வணக்கம்.

போன வாரம், எக்ஸ்ரே விட்டு கிரிஸ்டலுக்குள்ள அணுக்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு பார்க்குற உங்க எக்ஸ்ஆர்டி லேப்ல இருந்து வந்த ரிப்போர்ட்ல ஒரே வரிதான் இருந்துச்சு, "சாம்பிள் நாட் டிஃப்ராக்டிங்", அதாவது எக்ஸ்ரே பட்டும் எந்தப் பேட்டர்னும் வரலன்னு. கட்டின காசு திரும்ப வராதுன்னு கீழ ஒரு சீல் வேற. எனக்கு மட்டும் நடக்குற விஷயம் இல்ல இது, உங்களுக்கும் தெரியும், அதனால பழைய கதைக்குள்ள போகல.

நான் குடுத்தது ஒரு அரோமேட்டிக் ஆசிடோட ஸ்ட்ரான்சியம் உப்பு, ஹைட்ரேட், அதாவது கிரிஸ்டலுக்குள்ளயே தண்ணி சேர்ந்திருக்குற வகை (எந்த ஆசிட்னு பேப்பர் வர்ற வரைக்கும் சொல்ல மாட்டேன், மன்னிச்சுக்கோங்க). ஃபார்ம்ல சிவப்பு பேனாவுல எழுதியிருந்தேன், மெஷின்ல மவுண்ட் பண்ற வரைக்கும் மதர் லிக்கர்லயே, அதாவது கிரிஸ்டல் வளர்ந்த அந்தக் கரைசல்லயே, இருக்கட்டும்னு. யாரோ அதை வடிகட்டி, டிஷ்யூல ஒத்தி, ஸ்லைடுல பரப்பி, ஏசி காத்துக்கு நேரா வச்சுட்டுப் போயிட்டாங்க. உள்ள இருந்த தண்ணி போனா லேட்டிஸும், அதாவது அணுக்களோட ஒழுங்கான அடுக்கும், போச்சு, திரும்ப வாங்கும்போது சுண்ணாம்புப் பொடி மாதிரி இருந்துச்சு. அதே பேட்ச்ல என்கிட்ட மிச்சம் இருந்த வயல்ல (சின்ன கண்ணாடிக் குப்பி) கிரிஸ்டல் எல்லாம் இன்னிக்கும் பளபளன்னு இருக்கு, போலரைசிங் மைக்ராஸ்கோப்ல திருப்பினா ஒழுங்கா இருண்டு வெளிச்சமாகுது, நல்ல கிரிஸ்டலுக்கு அதுதான் அடையாளம். அப்போ டிஃப்ராக்ட் ஆகாதது சாம்பிளா சார்?

கேட்டா, "பவுடர் எடுத்துக்கோயேன்மா"ன்னு பதில். பொடியில எடுக்குற பவுடர் பேட்டர்ன் என்ன ஃபேஸ்னு, அதாவது எந்தக் கிரிஸ்டல் வகைன்னு சொல்லும், எங்க கேள்வி அது இல்லயே, மெட்டலைச் சுத்தி எது எப்படி ஒட்டியிருக்குங்கறதுதான். அயனோட ஆரம் மெக்னீசியத்துக்கு 0.72 ஆங்ஸ்ட்ராம், பேரியத்துக்கு 1.35, இந்த வித்தியாசத்துலதான் மொத்த விஷயமும் இருக்கு. மெக்னீசியம் தன்னைச் சுத்தி ஒட்டிக்கிற அணுக்கள்ல பெரும்பாலும் ஆறோட நின்னுடும், பல உப்புல ஆறு தண்ணியையும் தானே சுத்தி வச்சுக்கிட்டு ஆசிடை கிட்டயே சேர்க்காது, அது வெளிய ஹைட்ரஜன் பாண்ட்ல தொங்கிட்டு இருக்கும். கால்சியம் ஏழு எட்டுன்னு போகும், பேரியம் ஒன்பது பத்து, கார்பாக்சிலேட் (ஆசிடோட ஆக்சிஜன் முனை) ஒரு மெட்டல்ல இருந்து இன்னொரு மெட்டலுக்குப் பாலம் போட்டு செயினா ஷீட்டா ஓடும். ஸ்ட்ரான்சியம் இதுல எந்தப் பக்கம் சாயுதுன்னுதான் என் சேப்டரே. டிஜிஏ (சூடாக்கி எடை குறையுறதைப் பார்க்குற சோதனை) எத்தனை தண்ணின்னு சொல்லும், எது மெட்டல்ல ஒட்டியிருக்கு எது சும்மா இடுக்குல உக்காந்திருக்குன்னு சிங்கிள் கிரிஸ்டல்தான் காட்டணும்.

அதனால கேக்குறது ஒண்ணுதான். ஹைட்ரேட் சாம்பிளுக்கு தேதி குறிச்சு எங்களைக் கூப்பிடுங்க, மவுண்ட் பண்ணும்போது பக்கத்துல இருக்க விடுங்க, மதர் லிக்கர்ல இருந்து நேரா எண்ணெய்க்கு எடுத்து அப்படியே 100 கெல்வின் நைட்ரஜன் காத்துல வைங்க. நைட்ரஜன் இல்லயா, பரவால்ல, ஒரு சொட்டு மதர் லிக்கரோட கண்ணாடி கேப்பிலரில (மெல்லிய குழாய்) சீல் பண்ணி ரூம் டெம்பரேச்சர்லயே ஓட்டலாம், அந்தக் காலத்துல அப்படித்தானே பண்ணாங்க.

ஆனா பாருங்க, கமிட்டி வந்த அன்னிக்கு மட்டும் லிக்விட் நைட்ரஜன் எங்க இருந்தோ வந்துடுது. ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் குறைவில்லாம நடக்குது. வராண்டாவுல ஜி.என்.ராமச்சந்திரன் படம், 1954ல மெட்ராஸ்ல உக்காந்து கொலாஜன் புரதத்தோட ஸ்ட்ரக்சர் சொன்ன மனுஷன், அவர் படத்துக்குக் கீழதான் நாங்க வயலைக் கையில வச்சுக்கிட்டு கியூவுல நிக்கிறோம். ஃபெலோஷிப் எப்போ வரும்னு தெரியாது, சப்மிஷன் தேதி மட்டும் கரெக்டா வந்துடும்.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆபரேட்டர் அண்ணன் ஒரே ஆளா எவ்வளவுதான் பார்ப்பார், அவர் மேல எனக்கு வருத்தமே இல்ல. தேதி குறிச்சுக் கூப்பிடுங்கன்னுதான் திரும்பவும் கேக்குறேன். மிச்ச கிரிஸ்டல் வயல்ல ரெடியா இருக்கு. ராத்திரி ஸ்லாட்னாலும் வர்றேன், எங்க லேப் டூவர்ல (நைட்ரஜன் வைக்கிற ஃபிளாஸ்க்) நைட்ரஜன் நானே நிரப்பிக் கொண்டு வர்றேன். எந்த நாள்னு ஒரு மெயில் போட்டீங்கன்னா போதும் சார்.

இப்படிக்கு,
கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் ரிசர்ச் ஸ்காலர் ஒருத்தி